அஷ்டமியில் இறக்கின இஞ்சின்

வாங்க தம்பி, வாங்க. யாகூப் பாய் பட்டறையில இருந்துதானுங்க? அனுப்பறேன் அனுப்பறேன்னு சொல்லிட்டே இருந்தாரு, இன்னிக்குத்தான் ஆள் வந்திருக்குது. உள்ள போயிராதீங்க. சித்தெ இப்படி இந்தச் சேர்ல உக்காருங்க. எங்க ஊட்டுக்காரரு இட்டிலி சாப்பிட்டுட்டுக் கண்ணசந்திருக்காரு. எந்திரிக்கறதுக்குள்ள உங்களுக்கு நான் எல்லாத்தையும் சொல்லிப்போடோணும். சொல்லாம உள்ள உட்டா நீங்க பாட்டுக்கு எதையாச்சும் ஒளறிட்டுப் போயிருவீங்க, அப்பறம் நானல்ல மாட்டிக்குவேன்.

நல்ல வேளைக்கு வந்தீங்க போங்க. வியாழக்கெழமை இந்நேரம் நான் ஊட்டுல இருக்கவே மாட்டேன். இந்தக் கைக்குப் பயிற்சி குடுக்கற பொண்ணு இன்னிக்கு லீவுன்னு இப்பத்தான் போன் வந்துச்சு, அவருக்குக்கூடத் தெரியாது. இல்லீன்னா நீங்க பெல் அடிச்சு, அவரே வந்து கதவத் தொறந்து, அட கெரகமே, நெனச்சாலே எனக்குப் படபடங்குது.

என்னமோ சொல்ல வாரீங்க. இருங்க, நான் முடிச்சுக்கறேன்.

நீங்க சொல்ல வேண்டியது இவ்வளவுதான். "ஐயா, இஞ்சினப் பிரிச்சு வெச்சிருக்கறோம். உள்ளார கிராங்க் போயிருச்சு. சீமையில இருந்து வரோணும். வந்ததும் மாட்டிரலாம்." அவ்வளவேதான். மேல கேள்வி கேட்டாருன்னா, பாய்கிட்டக் கேட்டுச் சொல்றேன்னு கெளம்பிருங்க. மூஞ்சிய மட்டும் இப்படி வெச்சுக்காதீங்க. திருடப் போற ஆளாட்ட இருக்குது.

பொய்தானுங்க. கிராங்கும் போகல, ஒண்ணும் போகல. அது நல்லாத்தான் இருக்குது, உங்களுக்குத் தெரியாததா. நல்லா ஓடற இஞ்சினக் கழட்டித் தார்ப்பாய் போட்டு மூடி வெக்கச் சொன்னவ நாந்தான்.

இதா நிக்குது பாருங்க காரு. பச்சைக் கலரு, ரெண்டே சீட்டு, கூரை கெடையாது. குன்னூர்ல எஸ்டேட் வெச்சிருந்த ஒரு தொரை ஊருக்குப் போறப்ப குடுத்துட்டுப் போனது. எங்க கல்யாணத்துக்கு முந்தின வருசம் வாங்குனாரு. எனக்கு முன்னால இந்த ஊட்டுக்கு வந்தவ இவ. அதனாலதான் சக்களத்தின்னு பேரு வெச்சிருக்கேன். அவரு முன்னாலயே சொல்லுவேன், சிரிப்பாரு. போத்தனூர்ல பம்புசெட் கம்பெனி நடத்துனவருங்க. நாள் பூராவும் அங்க எண்ணையில நிப்பாரு. பொழுதோட ஊட்டுக்கு வந்தா, மறுக்கா இவளுக்கு அடியில போயிப் படுத்துக்குவாரு. நான் சோத்தப் போட்டு வெச்சுக்கிட்டு, ஏனுங்க ஏனுங்கன்னு காருக்கு அடியில நீட்டிட்டு இருக்கற ரெண்டு காலப் பாத்துப் பேசிட்டிருப்பேன். பொண்ணு பொறந்தன்னைக்கும் ஆசுபத்திரிக்கு எண்ணைக் கையோடதான் வந்தாரு. அந்த வயித்தெரிச்சல் எனக்கு இருக்குது, இல்லீன்னு சொல்லல. இல்லீன்னு சொன்னா சாமி கண்ணக் குத்தும்.

மறதி வந்தது போன வருசம். மொதல்ல ஆளுங்க பேரு. அப்பறம் வழி. பேரூர் கோயிலுக்குன்னு கெளம்பறவரு பல்லடத்துல போயி நின்னுட்டு, "தெய்வானை, நான் எதுக்கு இங்க வந்தேன்?"னு எனக்குப் போன் பண்ணுவாரு. காத்தால தெளிவா இருப்பாரு, பொழுது சாய சாய ஒரு மாதிரி கலங்கிருவாரு. டாக்டரு வண்டி ஓட்டக் கூடாதுன்னுட்டாரு. மெல்போர்ன்ல இருந்து பொண்ணு கூப்பிட்டு, காரை வித்துப்போடுங்கம்மான்னு கத்தறா. அவகிட்டச் சொல்லலாம், இவருகிட்டச் சொல்ல முடியுமுங்களா? வாயெடுத்தாலே, "ஏன், நான் நல்லாத்தானே ஓட்டறேன்?"னு கேப்பாரு. அந்த மூஞ்சியப் பாத்துட்டு எவ சொல்லுவா.

இந்தக் கையி? பாத்ரூம்ல வழுக்கி உளுந்தேன்னுதான் எல்லாருகிட்டயும் சொல்லிருக்கேன். அவருகிட்டயும்தான். நீங்க ஒறம்பரை இல்ல, அசல் ஆளு, உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன. அன்னிக்கு அவரு காரைப் பின்னால எடுத்தாரு. நான் போயிக் கேட்டத் தொறந்துட்டிருந்தேன். பிரேக்க மிதிக்கறதுக்குப் பதிலா அடுத்ததப் போட்டு மிதிச்சுட்டாரு. நான் துள்ளி உளுந்தேன், மணிக்கட்டு போயிருச்சு. அவரு நிக்கவே இல்லீங்க. தெரிஞ்சாத்தானே நிப்பாரு. அவரு பாட்டுக்கு ஒரு சுத்து சுத்திட்டு வந்து, நான் கையப் புடிச்சுட்டு உக்காந்திருக்கறதப் பாத்துட்டு, "என்னாச்சு அம்மிணி?"ங்கறாரு. பாத்ரூம்ல வழுக்கிருச்சுங்கன்னேன். வாயில அதுதான் வந்துச்சு. ரெண்டு நிமிசம் என்ற கையையே பாத்துட்டு நின்னாரு. அப்பறம், "பாத்துப் போகக் கூடாதா"ன்னு மட்டும் சொன்னாரு. நல்ல காலம், நம்பிட்டாரு.

அதுக்கப்பறந்தான் எனக்கு வைராக்கியம் வந்துச்சு. இன்னிக்கு என்ற கையி, நாளைக்கு ஸ்கூலுக்குப் போற கொழந்தையா இருந்தா? சாவிய எடுத்து அரிசி டின்னுல போட்டேன். மறுநாளு ரெண்டு ஒயரச் சேத்துத் தட்டி ஸ்டார்ட் பண்ணிட்டாரு. பேட்டரியக் கழட்டி மரகதத்துகிட்டக் குடுத்து அவ ஊட்டுல வெக்கச் சொன்னேன். மரகதம் எங்க ஊட்டுல சமைக்கறவ, பின்னால வீதிதான். அன்னிக்கு மத்தியானம் திடீர்னு வீடு பூராவும் ஃபேன் நின்னு போச்சு. என்னன்னு பாத்தா, இன்வெர்ட்டர் பேட்டரியக் கழட்டிக் காருக்கு மாட்டிட்டிருக்காரு. பேரு மறந்து போச்சு, வழி மறந்து போச்சு, இது மட்டும் மறக்க மாட்டீங்குது.

அப்பறந்தான் யாகூப் பாய்கிட்டப் போயி அழுதேன். "இஞ்சினையே எறக்கிரலாம்மா, பூராவும் பிரிச்சு ஓவராயில் பண்ணோணும்னு சொல்லிரலாம்"னாரு. "நான் சொன்னா சார் நம்புவாரு. ஆனா நல்லா ஓடற வண்டிய நோவுன்னு சொல்றது எனக்குப் பாவமுங்கம்மா"ன்னு வேற சொன்னாரு. உங்க பாவமும் என்ற தலையிலயே இருக்கட்டும் பாய்ன்னேன்.

அவரு வந்து இஞ்சின ஓட உட்டு, காத வெச்சுக் கேட்டு, ஏதோ சத்தம் வருதுங்க சார்னாரு. எனக்கு உசுரே இல்ல. எங்க ஊட்டுக்காரருக்கு அந்த இஞ்சின் சத்தத்துல ஒரு பிசிறு வந்தாலும் தெரியும். அவரும் காத வெச்சாரு. சித்த நேரம் கேட்டாரு. அப்பறம் என்னையப் பாத்தாரு. "ஆமா பாய், சத்தம் வருது. எறக்கீரு"ன்னுட்டாரு. எனக்குப் போன உசுரு வந்துச்சு, கூடவே ஒரு கவலையும் வந்துச்சு. வராத சத்தத்த வருதுங்கறாரே, காதும் போயிருச்சா இந்த மனுசனுக்குன்னு.

இதக் கேளுங்க. யாகூப் பாய், "இஞ்சின மட்டும் எறக்கிக்கறேன் சார், கியர்பாக்ஸ் வண்டியிலயே இருக்கட்டும்"னாரு. அவருக்கு வேல சுருக்கா முடியும்ல. இவரு ஒத்துக்கவே இல்ல. "ரெண்டையும் ஒண்ணாவே எறக்கு. பாக்ஸ் உள்ள இருந்துச்சுன்னா, பின்னால ஷெட்டுல கெடக்குதே ஒரு பழைய இஞ்சின், அத எவனாச்சும் எடுத்து மாட்டிப்போடுவான்." "எவன் சார் மாட்டப் போறான்?"னு பாய் கேட்டாரு. "எவனாச்சும்." அதோட உடல. "அந்தப் பழைய இஞ்சினையும் ஏத்திட்டுப் போயிரு பாய், இங்க இருந்தா எடத்த அடைக்குது"ன்னாரு. பாருங்க, புத்தி எப்படிப் பேதலிச்சுக் கெடக்குது. இந்த ஊட்டுல அவர உட்டா வேற ஆரு இஞ்சின் மாட்டப் போறா? தானா வந்து குழியில உளுகறாரேன்னு எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. பாய் என்னைய ஒரு பார்வ பாத்துட்டு, தலையக் குனிஞ்சுக்கிட்டாரு. அவருக்கும் மனசு அறுத்திருக்கும்.

நாளு குறிச்சதும் எங்க ஊட்டுக்காரருதான். காத்தால எந்திரிச்சதும் காலண்டர்ல தேதிய அவருதான் கிழிப்பாரு, நல்ல நேரம் பாக்காம ஒரு ஸ்பேனரக் கூடத் தொட மாட்டாரு. கம்பெனி வெச்சிருந்தப்ப அஷ்டமி நவமியில புது மோட்டாரு ஒண்ணு கேட்டத் தாண்டாது. "அஷ்டமியில தொட்டது துலங்காது"ம்பாரு. அப்படியாப்பட்ட மனுசன், "செவ்வாக்கெழமை வா பாய்"னு சொல்லிட்டாரு. அன்னிக்கு அஷ்டமி. அன்னிக்குக் காத்தாலயும் அவருதான் தேதி கிழிச்சாரு, அஷ்டமின்னு பெருசாப் போட்டிருக்குது. நான் வாயத் தொறக்கல. தொறந்தா தள்ளிப் போட்டுருவாரே. பாவம், அஷ்டமிகூட நெனப்பு இல்லாமப் போச்சேன்னு பொட்டாட்ட இருந்துக்கிட்டேன்.

என்ன தம்பி, எந்திரிக்கறீங்க? அவரு இன்னும் முழிக்கல. உக்காருங்க. மோரு குடிக்கறீங்களா? சரி, அப்பறமாக் குடிங்க.

எறக்குனது இங்கதான், இந்த போர்டிகோவுலதான். பானெட்டக் கழட்டித் தூக்கிச் செவுத்துல சாத்துனாங்க. ரேடியேட்டரக் கழட்டுனாங்க. ஒயரு, பைப்பு, ஒவ்வொண்ணா. இவரு ஒவ்வொண்ணுக்கும் ஒரு துணி கிழிச்சுக் கட்டி அடையாளம் வெச்சாரு. கியர் ராட அவரு கையாலயே கழட்டுனாரு. முக்காலியாட்ட மூணு இரும்புக் கால் நிறுத்தி, பாரந் தூக்கற செயின் பிளாக் மாட்டி இழுத்தாங்க. ரெண்டும் ஒண்ணா இருக்கறதால நேரா வராதுங்க. மூஞ்சி மேல தூக்கி, வாலு கீழ எறங்கி, சாச்சுச் சாச்சு எடுக்கோணும். பாய் முன்னால செயின இழுக்கறாரு. இவரு காருக்குள்ள அவரு சீட்டுல உக்காந்துக்கிட்டு, ராடு கழட்டுன ஓட்டையில கைய உட்டு, பாக்ஸோட வாலத் தள்ளித் தள்ளிக் குடுக்கறாரு. "வருது பாய், வருது. இழு, பயப்படாத இழு." தன்ற வண்டியோட உசுரத் தானே தள்ளி உடறாரேன்னு நான் கதவோரமா நின்னு பாத்துட்டிருந்தேன். வால்ல மிச்சம் இருந்த எண்ணை அவரு வேட்டியெல்லாம் கொட்டிருச்சு.

அது மேல வந்து தொங்குச்சு பாருங்க, அப்ப பாரம் போனதால காரோட மூக்கு விசுக்குன்னு ஒரு சாண் மேல எந்திரிச்சு நின்னுச்சு. இன்னிக்கும் அப்படித்தான் நிக்குது, பாருங்க. அந்த நேரத்துல எனக்குள்ள ஒண்ணு வந்துச்சு தம்பி. சந்தோசம். ஒழிஞ்சாடா சக்களத்தின்னு ஒரு சந்தோசம். அவரு நல்லதுக்குத்தான் செஞ்சேன், ஊரு நல்லதுக்குத்தான் செஞ்சேன், ஆரு கேட்டாலும் சொல்லிருவேன். ஆனா அந்தச் சந்தோசம் எதுக்கு வந்துச்சு? அவரு எண்ணை வேட்டியோட உள்ள உக்காந்து அந்தக் காலிப் பள்ளத்தப் பாத்துட்டிருக்காரு, நான் கதவோரம் நின்னு சந்தோசப்படறேன். அதுதான் என்னையத் தின்னுது. கோயிலுக்குப் போனா சாமியக் கும்புட முடியல. சாமிக்குத் தெரியுமல்ல.

அன்னிக்கிருந்து பொய்யிதானுங்க. நான் காபி கொண்டு போறப்பெல்லாம், "தெய்வானை, கிராங்க் வந்துருச்சா?"ம்பாரு. கப்பல்ல வருதுங்கன்னேன். அடுத்த வாரம், மெட்ராஸ் வந்துருச்சாங்கறாரு. நான் காபிய ஆத்திட்டே இருந்தேன். அவரே, "கஸ்டம்ஸ்ல புடிச்சு வெச்சிருப்பானுங்க, அப்படித்தானே?"ன்னாரு. ஆமாங்க ஆமாங்க, அங்கதான் நிக்குதாமுங்கன்னு அதப் புடிச்சுக்கிட்டேன். எனக்குப் பொய் வரலைன்னா அவரே எடுத்துக் குடுக்கறாரு, பாவம், வெவரம் தெரியாம.

இதுல ஒரு ஆச்சரியம். நான் இல்லாதப்ப அவரு கேக்கறதே இல்லியாம். மரகதம் சொல்றா, "ஐயா எங்கிட்டக் காரப் பத்தி ஒரு வார்த்த பேசறதில்லீங்கம்மா, நீங்க கேட்டத் தொறக்கற சத்தம் கேட்டாத்தான் ஆரம்பிக்கறாரு"ன்னு. அதக் கேட்டுட்டு நான் ரெண்டு நாளு தூங்கல. என்ற மூஞ்சியப் பாத்தாத்தான் அவருக்குக் கார் நெனப்பு வருது. அப்ப உள்மனசுல என்னையத்தானே குத்தவாளின்னு வெச்சிருக்குது? நான் எளச்சுப் போயிட்டேன்னு எல்லாரும் கேக்கறாங்க. எளைக்காம என்ன பண்ணும். சோறு எறங்குனாத்தானே.

சரி, எந்திரிச்சிருப்பாரு, வாங்க. என்ன சொல்லோணும்னு நெனப்பிருக்குதா? பிரிச்சு வெச்சிருக்கு, கிராங்க், சீமை.

என்னங்க?

பட்டறை ஆள் இல்லீங்களா? அப்பறம் ஆருங்க நீங்க?

பொள்ளாச்சிங்களா. பழைய காரெல்லாம் வாங்கி வெச்சுக்கறவருங்களா. அட, மொதல்லயே சொல்லக் கூடாதுங்களா தம்பி. நான் எங்க சொல்ல உட்டேன், அதுவும் சரிதான். ஆனா காரு விக்கறதுக்கு இல்லீங்களே. ஆரு சொன்னாங்க உங்களுக்கு?

அவரா? எங்க ஊட்டுக்காரரா போன் பண்ணுனாரு?

மறுக்கா சொல்லுங்க. மெதுவாச் சொல்லுங்க.

"ஊட்டுக்காரி வியாழக்கெழமை காத்தால கைப் பயிற்சிக்குப் போயிருவா, அப்ப வந்து எடுத்துட்டுப் போயிருங்க"ன்னு சொன்னாருங்களா. இஞ்சினையும் பாக்ஸையும் யாகூப் பட்டறையில வாங்கிக்கச் சொன்னாருங்களா. அப்ப யாகூப் பாய்க்கும் தெரியுமா. மொதல்ல இருந்தே தெரியுமா. அந்த முக்குல நிக்கற டெம்போ உங்களுதுங்களா. ஊட்டு முன்னால நிறுத்த வேண்டாம்னு அவருதான் சொன்னாருங்களா.

வேற என்ன சொன்னாரு? பரவால்ல, சொல்லுங்க. நான் தாங்கிக்குவேன்.

"அவளுக்குப் பொய் சொல்ல வராதுங்க தம்பி. எனக்காகச் சொல்லிச் சொல்லி எளச்சுப் போயிட்டா. நான் கேக்காம இருந்தா எனக்குத் தெரிஞ்சு போச்சுன்னு வெசனப்படுவா, கேட்டா பொய் சொல்லோணும். காரே இல்லீன்னா ரெண்டு பேருக்கும் நிம்மதி"ன்னுங்களா.

அப்படியா சொன்னாரு. அதே வார்த்தையா?

கையையும் சொன்னாருங்களா. பாத்ரூம் இல்லீன்னு. தன்னாலதான்னு.

இல்லீங்க தம்பி, அழுகல. கண்ணு எரியுது, அவ்வளவுதான். அந்தத் தண்ணிச் சொம்ப இப்படிக் குடுங்க.

நான் அவர ஏமாத்தறேன்னு ராத்திரி பூராவும் முழிச்சுட்டுக் கெடந்தேனுங்க. பக்கத்துல அவரும் முழிச்சுட்டுத்தான் கெடந்திருக்காரு. இத்தன வருசம் குடும்பம் பண்ணி எனக்கு அவரத் தெரியலையேங்க. வராத சத்தத்த வருதுன்னு சொன்னப்பவே எனக்குப் புரிஞ்சிருக்கோணும். காது போயிருச்சுன்னு நெனச்சேன் பாருங்க, நானெல்லாம் ஒரு பொம்பள. அந்தக் காலிப் பள்ளத்தப் பாத்துட்டு அவரு உக்காந்திருந்தப்ப, கிட்டப் போயித் தோள்ல கைய வெச்சிருக்கலாம். அதக்கூடச் செய்யல நான்.

உள்ள இருமற சத்தம் கேக்குதா? எந்திரிச்சுட்டாரு.

இங்க பாருங்க, சட்டுனு சொல்றேன். நான் பின்பக்கமா மரகதம் ஊட்டுக்குப் போயிர்றேன். நீங்க செருப்பப் போட்டுட்டுக் கேட்டுக்கு வெளிய போங்க, அப்பத்தான் வாரவராட்டம் வந்து பெல்ல அடிங்க. என்னையப் பாக்கலைன்னு சொல்லுங்க. அவரு தனியா இருக்கறதா நெனச்சுக்கட்டும். காரத் தொட்டுக் கும்புட்டாருன்னா அவசரப்படுத்தாதீங்க, அவரு போதுங்கற வரைக்கும் நில்லுங்க. தள்ளறப்ப அவரும் ஒரு கை போடுவாரு, வேண்டாம்னு சொல்லீராதீங்க. நல்லா வெச்சுக்கங்க தம்பி, அவ ஒண்ணும் மோசமானவ இல்ல.

மத்தியானம் நான் வருவேன். வந்து, காரு எங்கீங்கன்னு கேக்கோணும். கேக்காம இருந்தா அவருக்குச் சந்தேகம் வந்துரும். கேக்கறேன். கேட்டுட்டு, அவரு என்ன சொன்னாலும் நம்பிக்கறேன்.